ஒரு சைஸ் பெரிய சைக்கிள்

எங்கள் எதிர்வீட்டில் எதுவும் அளவோடு இருந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல் திரை ஜன்னலோடு நிற்காது. தரைவரை வந்து, வந்த களைப்பில் ஒரு முழம் படுத்தும் கிடக்கும். மூன்று பேர் சாப்பிடுகிற வீட்டில் அடுப்பின் மேல் இருக்கும் குக்கரைப் பார்த்தால் விடுதி நடத்துகிறார்களோ என்று தோன்றும். சோபா வந்த அன்று அது வாசல் வழியாக நுழையமாட்டேன் என்று அடம்பிடித்தது. கயிறு கட்டிப் பால்கனி வழியாக ஏற்றினார்கள். நானும் போய்க் கயிற்றில் ஒரு கை வைத்தேன். நல்ல மனசு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சோபாவுக்கு அடியில் நின்றால்தான் மேலே நடக்கிற சண்டை தெளிவாகக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த வீட்டுக்காரரின் சித்தாந்தம்தான். அவருக்குத் திரைச்சீலைக் கடை. ஜன்னல் அளவை யார் சொன்னாலும், "இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டுக்கங்க, குறைஞ்சாதான் கஷ்டம், மிஞ்சினா மடிச்சுக்கலாம்" என்பார். துணிக்கு அது சரி. மனிதர் அதைச் செருப்புக்கும் குடைக்கும் கட்டிலுக்கும் சேர்த்துச் சட்டமாக்கிவிட்டார். மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா இந்தச் சட்டத்தின் காவல் தெய்வம். "ஒரே விலைக்குப் பெருசும் கிடைக்குது, சின்னதும் கிடைக்குது. சின்னதைத் தூக்கிட்டு வர்றவனை என்னன்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலையும் அந்த அம்மாளே சொல்லிவிடுவார். அதை இங்கே எழுத முடியாது.

இந்த வீட்டில் அளவாக இருக்கிற ஒரே பொருள் வீட்டுக்காரரின் மனைவி. அளவு என்றால், கொஞ்சம் சிக்கனமான அளவு. நகரப் பேருந்து ஓட்டுகிறார். தெருவில் எல்லாருக்கும் பஸ் அக்கா. பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கும்போது, ஓட்டுநர் இல்லாமலே வண்டி வருகிறதே என்று புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால், சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு ஒரு ஆசை வந்தது. எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு மலை இருக்கிறது. வருஷம் ஒரு முறை அதில் சைக்கிள் சவாரி நடக்கும். சரளைப் பாதையில் தண்ணீர்த் தொட்டிவரை ஏறி, பின்பக்கம் பாறையும் வேருமாக இருக்கிற ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். நாள் முழுக்க டீசல் வாசனையில் உட்கார்ந்திருப்பவருக்கு, சொந்தக் காலால் ஒரு மலையை ஏறி இறங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. மலைச் சைக்கிள் வேண்டும் என்று கணவரிடம் கேட்டார். கணவர் தங்கமானவர், மறு பேச்சில்லாமல் கூட்டிக்கொண்டு போனார். சைக்கிள் கடைக்காரர், "ஓட்டப்போறவங்க உயரம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"உயரமெல்லாம் எதுக்குங்க? எல்லா சைஸும் ஒரே விலைதானே? இருக்கறதுலயே பெருசைக் குடுங்க."

வந்து இறங்கியது ஒரு சைக்கிள். சைக்கிளா அது, குதிரை. வாசல்படியில் நின்றுதான் பஸ் அக்கா ஏறுவார். சிக்னலில் நிறுத்த வேண்டுமென்றால் முதலில் நடைபாதையின் விளிம்பைத் தேட வேண்டும், கால் தரைக்கு எட்டாது. இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றால் நடுக்கம்பி உடம்பில் இடிக்கும். சீட்டை அடிவரை இறக்கினார்கள், முன்னால் தள்ளினார்கள். அப்படியும் கைப்பிடி அடுத்த தெருவில் இருந்தது. ஒரு மாதத்தில் மணிக்கட்டு மரத்துப்போக, கழுத்தில் தைல வாசனை. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றார் கணவர். "சைக்கிள் சரியாத்தான் இருக்கு, உடம்புக்குத்தான் பயிற்சி போதலை" என்றார் மாடிக்காரம்மா. பாவம், பஸ் அக்காவும் அதை நம்பினார்.

போன வருஷச் சவாரியை நான் கண்ணால் பார்த்தேன். இறங்குகிற பாதையில் படிபடியாகப் பாறை உடைந்து சட்டென்று திரும்புகிற ஒரு வளைவு உண்டு. பெரும்பாலானவர்கள் அங்கே இறங்கி, குனிந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார்கள். அதனால் அதற்குப் பெயரே கும்பிடு வளைவு. முதலில் வருகிறவனைப் பார்க்க முடிவுக்கோட்டில் பத்துப் பேர் நின்றால், விழுகிறவனைப் பார்க்க இந்த வளைவில் ஊரே நிற்கும். நானும் நல்ல இடமாகப் பார்த்து நாற்காலி போட்டிருந்தேன். பஸ் அக்கா வந்தார், கையை நீட்டி, உடம்பை நீட்டி, சைக்கிளின் மேல் படுத்தபடி. பின்னால் சாயவும் முடியவில்லை, முன்னால் திருப்பவும் முடியவில்லை. பிரேக்கைத் தேடி விரல் தவித்தது. பக்கவாட்டில் சாய்ந்து முள்செடிக்குள் போனார். எழுந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே கடைசிவரை நடந்தார்.

முடிவுக்கோட்டில் மாடிக்காரம்மா காத்திருந்தார். தெருவிலேயே உயரமானவர் அவர்தான், கொடிக்கம்பம் மாதிரி. "நல்ல சைக்கிள், வீணாகுது. என்கிட்ட குடுத்துடேன், எனக்குக் கால் தரையில பதியுது" என்றார்.

முள் குத்திய வலியில் பஸ் அக்காவும் எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டார்: "அடுத்த வருஷமும் கும்பிடு வளைவுல கால் ஊனினேன்னா, சைக்கிள் உங்களுக்குத்தான் அண்ணி. அப்புறம் இந்த ஆசையே எனக்கு வேண்டாம்."

சொன்ன சொல்லைத் தெரு மறக்குமா? மறந்தாலும் நான் விடுவேனா?

இந்த வருஷச் சவாரிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தெருமுனைப் போட்டோக்காரர் தன் கடைக் கண்ணாடிக்குள் ஒரு படத்தைப் பெரிதாக்கி மாட்டினார். போன வருஷம் கும்பிடு வளைவில் எடுத்தது. பஸ் அக்கா பக்கவாட்டில், விழுவதற்கு ஒரு மூச்சு முன்னால். கொடியில் காய்கிற சட்டை மாதிரி இரண்டு கையும் விறைத்துத் தொங்குகிறது. நின்று பார்க்காமல் யாரும் கடையைத் தாண்டவில்லை. மாடிக்காரம்மா இரண்டு தடவை தாண்டினார்.

மறுநாள் பஸ் அக்கா சீருடையோடு போட்டோ கடைக்குள் நுழைவதைப் பார்த்தேன். எனக்கும் உடனே ஒரு பாஸ்போர்ட் போட்டோ தேவைப்பட்டது. எந்த ஊருக்கும் போகிற உத்தேசம் இல்லை என்பது வேறு விஷயம்.

"அந்தப் படத்தைக் கழட்டுங்க" என்றார் பஸ் அக்கா.

"ஏங்க? என்ன வெளிச்சம் பாருங்க. இப்படி ஒரு வெளிச்சம் அமையறது கஷ்டம்."

"வெளிச்சத்தைப் பார்த்தா ஊரே சிரிக்குது? நேத்து பஸ்ல ஏறின ஒருத்தர், 'அந்தக் கொடியில காயற படம் நீங்கதானே'ன்னு கேட்டுட்டு டிக்கெட் எடுக்கறாரு."

போட்டோக்காரர் தன் நெட்டையான உடம்பை மடித்துக் குனிந்து படத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். கிழிப்பதற்குத்தான் அக்கா கையில் எடுத்தார். கிழிக்கவில்லை. விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எதிர்வீட்டக்கா, இங்க வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நான் ஏற்கெனவே அங்கேதான் இருந்தேன். "எனக்குப் பின்னாடி வர்றாளே இந்தப் பொண்ணு, அவ முழங்கையைப் பாருங்க."

"மடங்கியிருக்கு."

"என்னுது?"

"கம்பி மாதிரி இருக்கு."

"பஸ்ல ஸ்டியரிங்கை இப்படி எட்டிப் பிடிச்சா ஒரு வளைவு திரும்புவேனா நான்? டூட்டிக்கு ஏறினதும் முதல் வேலை என்ன செய்யறேன்? சீட்டை முன்னாடி இழுக்கறேன். எனக்கு முன்னாடி ஓட்டினவர் உசரமா, குண்டா, நல்லவரா, எனக்கென்ன? என் கைக்கு ஸ்டியரிங் வரணும், என் காலுக்கு பிரேக் வரணும். பஸ்ல இவ்வளவு பண்ற நான், இந்தச் சைக்கிள்ல ஒரு வருஷமா எனக்குப் பயிற்சி போதலைன்னு அழுதுகிட்டு இருக்கேனே!"

"இதுலயும் சீட்டை முன்னாடி இழுங்களேன்" என்றேன்.

"இழுத்தாச்சு. இன்னும் இழுத்தா ஹேண்டில்பார் மேலதான் உட்காரணும். தப்பு சீட்டுல இல்லக்கா. ஃப்ரேமே என்னோடது இல்ல. வேற யாருக்கோ தைச்ச சட்டை."

படத்தை மேசையில் வைத்துவிட்டு விறுவிறு என்று வெளியே கிளம்பினார். போக முடியவில்லை. வாசலை மறித்துப் போட்டோக்காரரின் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் மலைச் சைக்கிள்தான், ஆனால் பொடிசு. ஏதோ ஒரு கடைத் திறப்பு விழாவின் குலுக்கலில் இவருக்கு விழுந்தது. "பரிசு குடுக்கறவன் உயரம் கேட்டா குடுப்பான்?" என்பார். சீட்டுக் கம்பியில் 'இதற்கு மேல் தூக்காதே' என்று ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டைத் தாண்டி எப்போதோ தூக்கிவிட்டார். அப்படியும் முழங்கால் கைப்பிடியில் இடிக்கும். அவர் அதில் காலையில் மலைக்குப் போவதைப் பார்த்தால், வெட்டுக்கிளி ஒன்று தீப்பெட்டியை ஓட்டிக்கொண்டு போவது மாதிரி இருக்கும். திரும்பி வந்து நாள் முழுக்க இடுப்பில் கை வைத்துக்கொண்டே, வருகிறவர்களிடம் "முதுகை நிமிர்த்துங்க, தோளைத் தளர விடுங்க" என்பார்.

அக்கா அந்தச் சைக்கிளை நகர்த்தப் போனவர், என்ன நினைத்தாரோ, இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றார். பாதம் முழுக்கத் தரையில் பதிந்தது. நடுக்கம்பிக்கு மேலே ஒரு உள்ளங்கையை நுழைக்கிற அளவு இடைவெளி. கையை நீட்டினார், கைப்பிடி வந்து கையில் உட்கார்ந்தது. முழங்கை தானாக மடங்கியது.

அந்த முகத்தைப் படம் எடுக்கத் தோன்றாமல் போட்டோக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"சார், சீட்டை இறக்குங்க" என்றார் அக்கா.

அன்று அந்தக் கடையில் யாருக்கும் போட்டோ எடுக்கவில்லை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார, நான் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன். மிதியை அடிவரை இறக்கி அதில் குதிகாலை வைத்தபோது கால் நேராக நீளும்படி சீட்டை நிறுத்தினார்கள். முன்பாதத்தை வைத்தபோது முழங்கால் லேசாக மடங்கியது. "இதுதான்" என்றார் அக்கா. பிரேக்குப் பிடியில் ஒரு பொடி திருகாணி இருக்கிறது. அதைத் திருகத் திருகப் பிடி விரலுக்குப் பக்கமாக வந்தது. அப்படி ஒன்று இருப்பதே ஒரு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு வாசலிலிருந்து அந்தப் பெரிய குதிரைச் சைக்கிளை ஓட்டிவந்து போட்டோக்காரரை ஏற்றினோம். தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். முழங்கால் எதிலும் இடிக்காத அதிசயத்தில் மனிதர் இன்னொரு சுற்றுப் போனார். மூன்றாவது சுற்றில் பாடத் தொடங்கிவிட்டார்.

"மாத்திக்கலாமா?" என்றார் அக்கா.

"இப்பவே மாத்திக்கலாம்" என்றார் போட்டோக்காரர்.

இதுவரை நடந்தது சுலபம். வீட்டில்தான் பூகம்பம்.

அப்போது நான் எதற்கு அங்கே போனேன் என்பது நினைவில்லை. ஏதோ ஒரு பாத்திரத்தைத் திருப்பித் தரப் போயிருப்பேன். அவர்களுடையதா என்பதும் நினைவில்லை. சோபாவின் ஒரு மூலையில் உட்கார்ந்தேன், மறு மூலையில் இருப்பவர் பேசினால் எதிரொலிக்கிற சோபா அது.

"பெருசைக் குடுத்துட்டுச் சின்னதை வாங்கிட்டு வந்திருக்கியா?" என்றார் கணவர். குரலில் கோபம் இல்லை. வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி இருந்தது.

"எனக்குச் சரியானதை வாங்கிட்டு வந்திருக்கேங்க."

மாடிக்காரம்மா இறங்கி வந்தார். "ஏம்மா, உனக்குக் கணக்கே தெரியாதா? அதுல எவ்வளவு இரும்பு, இதுல எவ்வளவு இரும்பு? ஊர் சிரிக்கும்."

"ஊர் ஒரு வருஷமா சிரிச்சுகிட்டுதான் இருக்கு அண்ணி. இடம் விட்டு இடம் மாறிச் சிரிக்கட்டும்."

"குழந்தை சைக்கிள் மாதிரி இருக்கு."

"நானும் அவ்வளவுதான் இருக்கேன்."

கணவர் மெதுவாக, "நான் ஆசையாத்தானே வாங்கிக் குடுத்தேன்" என்றார். அது உண்மை. அதனால் அக்கா சோபாவில் உட்கார்ந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஆசையா வாங்கினீங்க, எனக்குத் தெரியும். அந்த ஆசையில என்னை ஒரு தடவை நிக்க வெச்சுப் பார்த்திருக்கலாம்ல? ஜன்னலையாவது டேப் வெச்சு அளப்பீங்க. என்னை அளக்கவே இல்லையே."

மனிதர் தன் கையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். ஆனால் மாடிக்காரம்மா விடுகிற ஆளா?

"போன வருஷம் ஒரு சொல் சொன்னியே, அது என்னாச்சு? பெரிய சைக்கிள் எனக்குன்னு சொன்னே. இப்ப அதைத் தூக்கி மூணாம் மனுஷனுக்குக் குடுத்துட்டு, சொல்லும் போச்சா?"

அக்கா எழுந்து நின்றார். சோபாவிலிருந்து எழுந்ததில் உயரம் பெரிதாகக் கூடவில்லை, ஆனாலும் அறை சின்னதானது.

"சொல் அப்படியே இருக்கு அண்ணி. போட்டோக்காரர்கிட்ட சவாரி வரைக்கும்தான் மாத்தம்னு பேசியிருக்கேன். அன்னிக்குக் கும்பிடு வளைவுல நான் கால் ஊனினா, பெரிய சைக்கிளைத் திருப்பி வாங்கி உங்க கையில குடுத்துட்டு, அதுக்கப்புறம் பஸ்ஸைத் தவிர எதையும் ஓட்டமாட்டேன். கால் ஊனலைன்னா இந்த மாத்தம் நிலைச்சுடும். அதுக்கப்புறம் யாரும் எனக்கு சைஸ் சொல்லக்கூடாது."

"சரி" என்றார் மாடிக்காரம்மா. அந்த 'சரி'யில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டிருக்க வேண்டும். முள்செடியே வந்து பேசியது போல இருந்தது.

செய்தி மறுநாளுக்குள் தெருவெங்கும் பரவியது. எப்படிப் பரவியது என்று என்னைக் கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகு தினமும் டூட்டி முடிந்ததும் அக்கா மலைக்குப் போனார். ஏற்றத்தில் சீட்டு உயரமாக இருக்க வேண்டும், இறக்கத்தில் தாழ்வாக இருக்க வேண்டும் என்று அவராகவே கண்டுபிடித்து, உச்சியில் நின்று இறக்கிக்கொள்ளப் பழகினார். கும்பிடு வளைவைத் தவிர எல்லா இடத்தையும் இறங்கிப் பார்த்தார். "அதை ஏன் விட்டுட்டே?" என்று கேட்டேன். "அங்க ஒத்திகை பார்த்து விழுந்தேன்னா, அன்னிக்குப் பயம் முன்னாடி போய் நிக்கும்க்கா" என்றார். யாரோ விழப்போகிறார்கள் என்றால் எனக்கு வழக்கமாக வருகிற ஆவல் இந்தத் தடவை வரவில்லை.

சவாரி நாள். வளைவில் நிற்க இடமில்லை. நான் பாறைக்குக் கீழே நாற்காலி போட்டேன். எனக்கு ஒரு பக்கம் மாடிக்காரம்மா, வெற்றியை வாங்கிக்கொண்டு போகப் பையோடு வந்தவர் மாதிரி நின்றார். மறுபக்கம் கணவர், கையில் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார். லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருந்தார். அக்கா கால் ஊனினால் அவருக்கும் பெரிய சைக்கிள் போய்விடும் அல்லவா?

முதலில் இளவட்டங்கள் வந்தார்கள். பாதிப் பேர் பறந்து போனார்கள், பாதிப் பேர் கும்பிட்டார்கள். பிறகு ஒரு தொந்திக்காரர் விழுந்தார். கூட்டம் பசியாறியது. அதற்கப்புறம் மூன்று பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பாதையை முழுசாக அடைத்தபடி, ஒருவர் பின் ஒருவராகப் பாறைப்படியில் இறங்கினார்கள்.

அவர்களுக்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே அக்கா தெரிந்தார்.

"ஐயோ, வழி இல்லையே" என்றார் கணவர்.

"நின்னுடுவா. நின்னுதான் ஆகணும்" என்றார் மாடிக்காரம்மா.

அப்போது மலையே அதிர ஒரு குரல் வந்தது. தினமும் காலை நெரிசலில் அறுபது பேரை அடக்குகிற குரல்.

"உள்ள போங்க, உள்ள போங்க! வழியில நிக்காதீங்க! படியில நிக்கறவங்க ஓரமா ஒதுங்குங்க!"

பழக்கம் என்ன செய்யும் பாருங்கள். மூன்று ஆண்களும் சைக்கிளோடு சட்டென்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஒருவர் சட்டைப்பையில் சில்லறை தேடியதாகக்கூட எனக்கு ஒரு சந்தேகம்.

அக்கா விளிம்புக்கு வந்தார். இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளினார். முழங்கை அகலமாக மடங்கியது. ஒரே ஒரு விரல் பிரேக்கின் மேல் இருந்தது. முன்சக்கரம் முதல் படியில் விழுந்தது. சைக்கிள் அவருக்குக் கீழே ஆட்டுக்குட்டி மாதிரி குதித்தது, அவர் தலை மட்டும் அசையவில்லை. இரண்டாம் படி. சரளை சறுக்கியது. பின்சக்கரம் முள்செடிப் பக்கமாக ஒதுங்க, இடது கால் மிதியை விட்டு எழும்பியது.

கால் காற்றில் நின்றது. தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். பெரிய சைக்கிளாக இருந்தால் அங்கேயே சாய்ந்திருப்பார். இவர் உடம்பை ஒரு ஒடிப்பு ஒடித்தார், சைக்கிளும் கூடவே சாய்ந்து நிமிர்ந்தது. கால் திரும்பி மிதியில் உட்கார்ந்தது. கைப்பிடி திரும்பியது, தோள் திரும்பியது, வளைவு முடிந்துவிட்டது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கணவர் பாட்டிலை வானத்தில் எறிந்துவிட்டு, "பார்த்தீங்களா, பார்த்தீங்களா! என் வீட்டுக்காரி!" என்று யார் யார் தோளையோ பிடித்து உலுக்கினார். தண்ணீர் முழுக்க மாடிக்காரம்மா மேல் கொட்டியது. அந்த அம்மாள் அதைத் துடைக்கவில்லை. முகத்தில் சொட்டச் சொட்டப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "கால் ஊனலை" என்றார். "நான் பார்த்தேன். ஊனலை. எவனாவது ஊனினான்னு சொன்னா என்கிட்ட வரச் சொல்லு" என்று கூட்டத்தைப் பார்த்து முறைத்தார். தோற்றாலும் அந்த அம்மாளுக்கு எதிலும் பெருந்தன்மைதான், அளவாகத் தோற்கத் தெரியாது.

நாங்கள் குறுக்குவழியில் ஓடி முடிவுக்கோட்டுக்குப் போனோம். அக்கா வந்துகொண்டிருந்தார். முன்னால் இருபது முப்பது பேர் போயிருப்பார்கள், அதனால் என்ன? முடிவுக்கோட்டில் இருந்த பத்துப் பேரும், நாங்கள் கூட்டிவந்த ஊரும் சேர்ந்து கைதட்டினார்கள். கணவர் கையை விரித்துக்கொண்டு முன்னால் ஓடினார். போட்டோக்காரர் படம் எடுப்பதா, அங்கே நிறுத்தியிருந்த பெரிய சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

அக்கா கோட்டைத் தாண்டினார். நிற்கவில்லை. கணவரின் விரித்த கைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, சைக்கிளைத் திருப்பினார்.

"எங்கம்மா போறே? முடிஞ்சாச்சு!" என்றார் கணவர்.

"தெரியும்ங்க." மூச்சு வாங்கியது, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. "அந்த வளைவை ருசிக்கறதுக்குள்ள தீர்ந்துபோச்சு. இன்னொரு தடவை இறங்கிட்டு வர்றேன்."

சீட்டைத் தட்டி உயர்த்திக்கொண்டு, சரளைப் பாதையில் மறுபடியும் ஏறத் தொடங்கினார். இந்தத் தடவை யாரும் பார்க்கவேண்டும் என்று அவர் ஏறவில்லை. ஆனாலும் ஊர் பின்னாலேயே போனது. முதல் ஆளாக மாடிக்காரம்மா, முந்தானையைப் பிழிந்துகொண்டே, "தள்ளுங்க, தள்ளுங்க, எனக்கு முன்னாடி இடம் வேணும்" என்று கூட்டத்தை விலக்கியபடி வளைவுக்கு ஓடினார்.